மிக்ஸி முதல் ஏர் ஃப்ரையர் வரை: சர்வீஸ் கடைக் கல்லாவில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூரில் என் வீட்டுக்காரர் மிக்ஸி, கிரைண்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். பதினான்கு வருடமாக மாலையில் கல்லாவில் உட்காருவது நான். ஜாரைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது வாசற்படியில் நின்று எல்லாரும் ஒரு சந்தேகம் கேட்பார்கள். நாங்கள் புதுப்பொருள் விற்பதில்லை என்பதால் நான் சொல்வதை நம்புகிறார்கள் போல. ஒரே கேள்விக்கு நூறு தடவை பதில் சொன்ன அலுப்பில் எழுதிவைத்தது இது.

கல்லாவில் உட்கார்ந்து தெரிந்துகொண்ட ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரிப்பேருக்கு வருகிற பொருள்தான் வீட்டில் உழைக்கிற பொருள். மிக்ஸி வராத நாளே கிடையாது. கிரைண்டர் வாரம் நாலைந்து வரும். சப்பாத்தி மேக்கர் இத்தனை வருடத்தில் மொத்தமே இரண்டோ மூன்றோதான் வந்தது. பரணில் தூங்குகிற பொருள் எப்படிக் கெட்டுப்போகும்?

"புதுசாத் தனிக்குடித்தனம் போறோம்க்கா. முதல்ல என்னென்ன வாங்கணும்?"

மிக்ஸி ஒன்று வாங்குங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் சமைத்துப் பார்த்தால் உங்கள் வீடே சொல்லிவிடும், எந்த வேலையில் கை கடுக்கிறது, எந்த வேலைக்குப் பயந்து எதைச் செய்யாமல் தள்ளிப்போடுகிறீர்கள் என்று. அதற்கு ஏற்ற பொருளை மூன்றாவது மாதம் வாங்கலாம்.

அப்புறம், எந்தப் பொருளைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். சமையல் மேடையில் இது நிரந்தரமாக உட்கார இடம் இருக்கிறதா? இதைக் கழுவப்போவது யார்? வாரத்தில் எத்தனை நாள் எடுப்போம்? முதல் கேள்விதான் முக்கியம். அட்டைப்பெட்டிக்குள் போட்டுப் பரணில் ஏற்றியது தீபாவளிக்குக்கூடக் கீழே இறங்குவதில்லை.

கல்யாணச் சீரில் ஒரே பொருள் இரண்டு மூன்று வந்துவிட்டால், பிரிக்காத பெட்டியைப் பில்லோடு கடைக்குக் கொண்டுபோய் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். பிரித்துவிட்டால் பேச்சே இல்லை.

"500 வாட்ஸ் மிக்ஸி போதுமா, 750 வாங்கணுமா?"

தினமும் சட்னி, தேங்காய் விழுது, எப்போதாவது ரசப்பொடி என்றால் இரண்டு மூன்று பேருக்கு 500 தாராளம். இட்லி மாவையும் மிக்ஸியில்தான் அரைக்கப்போகிறீர்கள், மல்லி மிளகாயையும் வீட்டிலேயே பொடிக்கிறீர்கள் என்றால் 750 எடுங்கள். விரலி மஞ்சளை மட்டும் எந்த மிக்ஸியிலும் போடாதீர்கள், அது மில் வேலை. மஞ்சள் போட்டுப் பிளேடு போன ஜார்கள் எங்கள் கடையில் ஒரு மூட்டை கிடக்கும்.

வாட்ஸைவிட நான் பார்ப்பது சின்ன ஜாரை. இரண்டு பேருக்கான சட்னி அதில் சிதறாமல் அரைபட வேண்டும். நம் வீடுகளில் பெரிய ஜார் வாரம் ஒருமுறை, சின்ன ஜார் ஒரு நாளைக்கு மூன்று முறை.

"மிக்ஸி திடீர்னு நின்னுபோச்சு. புதுசு வாங்கிடலாமா?"

முதலில் மிக்ஸியைக் கவிழ்த்து அடியில் பாருங்கள். பெரும்பாலானவற்றில் அங்கே ஒரு சின்ன பொத்தான் இருக்கும், பல கம்பெனிகளில் சிவப்பு. அளவுக்கு மீறிப் போட்டு அரைத்தால் மோட்டாரைக் காப்பாற்ற அது தானாக வெளியே வந்து கரண்டை நிறுத்திவிடும். ஸ்விட்சை அணைத்துப் பத்து நிமிடம் ஆறவிட்டு அதை அழுத்தினால் ஓடும். இதற்காகவே ஆட்டோ பிடித்து வருகிறவர்கள் உண்டு. அழுத்திக் கொடுத்துவிட்டுக் காசு வாங்காமல் அனுப்பிவிடுவார் என் வீட்டுக்காரர்.

சத்தம் மாறி, தீய்ந்த வாசனையோடு உள்ளே பொறி பறந்தால் கார்பன் தேய்ந்திருக்கலாம். மிக்ஸி மோட்டாரில் கார்பன் துண்டுகள் சுழலும் பாகத்தை உரசிக்கொண்டே இருக்கும், அது தேயத்தான் செய்யும். ஜார் சுற்றவில்லை, மோட்டார் மட்டும் ஓடுகிறது என்றால் கப்ளர், அதாவது ஜாரை மோட்டாரோடு இணைக்கிற பல் வைத்த சக்கரம். இரண்டுமே சின்ன செலவு. மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் (காயில்) கருகியிருந்தால்தான் புதுசைப் பற்றி யோசிக்க வேண்டும்.

"மிக்ஸியிலயே மாவு அரைக்கலாமே, கிரைண்டர் எதுக்கு?"

இரண்டு பேர், பதினைந்து நாளைக்கு ஒருமுறை இட்லி என்றால் மிக்ஸியே போதும். ஊறவைத்த தண்ணீரை ஃப்ரிட்ஜில் குளிரவைத்து ஊற்றுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக அரையுங்கள், நடுவில் ஓய்வு கொடுங்கள்.

வாரம் தவறாமல் மாவு அரைக்கிற வீடானால் கதை வேறு. மிக்ஸி பிளேடு வெட்டுகிறது, கல் நசுக்குகிறது. அசுர வேகத்தில் சுற்றும் பிளேடு மாவைச் சூடாக்கிவிடும். கிரைண்டரில் கல் நிதானமாக உருள, உளுந்து காற்றை வாங்கிக்கொண்டு பஞ்சு மாதிரி பொங்கி வரும். அதே ஒரு டம்ளர் உளுந்து கிரைண்டரில் கூடுதலாகக் காண்பது இதனால்தான். மிக்ஸியில் அரைத்து இட்லி கல் மாதிரி வந்தால் பழியை அரிசி மேல் போடுகிறோம், பாவம்.

கிரைண்டர் நம் பக்கத்துக்கென்றே பிறந்த யந்திரம். 1955-ல் கோவையில் சபாபதி என்பவர் முதலில் செய்தார் என்று சொல்வார்கள். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வேறு சமையலறைகளுக்காக யோசித்த சாமான்களை நம் சமையலுக்கு இழுத்துப் பொருத்திப் பார்க்கிறோம், இது ஒன்றுதான் ஆட்டுக்கல்லைப் பார்த்தே செய்தது. மிக்ஸிக்கு அடுத்து நான் கை காட்டுவது இதைத்தான்.

"கடையிலதான் பாக்கெட் மாவு கிடைக்குதே?"

கிடைக்கிறது, நானும் வாங்குகிறேன். வீட்டில் அரைக்க ஊறவைப்பது, அரைப்பது, கல்லைக் கழுவுவது எல்லாம் சேர்த்து ஒரு சாயங்காலம் போகும். கணக்கு எளிது. பாக்கெட் மாவு கிலோ 50 ரூபாய், அதே ஒரு கிலோ வீட்டில் அரைக்க 25 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வாரம் இரண்டு கிலோ செலவாகிற வீட்டுக்கு வருடத்தில் 2,600 ரூபாய் மிச்சம். கிரைண்டர் விலையை அதால் வகுத்துப் பாருங்கள், எத்தனை வருடத்தில் போட்ட காசு திரும்பும் என்று தெரிந்துவிடும். மாதம் ஒரு கிலோதான் செலவு என்றால் கிரைண்டர் வேண்டாம், பாக்கெட்டே சிக்கனம்.

"டேபிள் டாப்பா, டில்டிங்கா, பழைய பெரிய கிரைண்டரா?"

நாலு பேர் வரை 2 லிட்டர் டேபிள் டாப். பாத்திரத்தையே தூக்கி மாவைச் சரிக்கலாம், கல்லையும் தனியாக எடுத்துக் கழுவலாம். டில்டிங் என்றால் சாய்த்து வழிக்கலாம், தூக்கவேண்டியதில்லை, ஆனால் இடம் அடைக்கும், விலையும் கூட. முதுகு வலிக்காரர்களுக்கு டில்டிங். பெரிய கிரைண்டர் கூட்டுக்குடும்பத்துக்கும் மெஸ்ஸுக்கும்.

"அரசாங்கம் கொடுத்த மிக்ஸி, கிரைண்டர் சும்மா கிடக்கு. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாமா?"

2011 செப்டம்பரில் அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்க ஆரம்பித்தது. அதில் வந்த கிரைண்டர்கள் இன்னும் எங்கள் கடைக்கு வந்து போகின்றன. பெல்ட் தளர்ந்திருக்கும், அவ்வளவுதான். கிரைண்டர் மோட்டாரில் மிக்ஸி மாதிரி கார்பன் கிடையாது, தேய்கிற பாகம் குறைவு. ரிப்பேர் செலவு புது விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் சரி பண்ணிக்கொள்ளுங்கள். பொருந்துகிற ஜார் கிடைக்காத பழைய மிக்ஸியை மட்டும் மாற்றிவிடலாம்.

"இதெல்லாம் வாங்கினா கரண்ட் பில் எகிறிடாதா?"

சுற்றுகிற பொருள் பில்லை ஏற்றாது, சூடாகிற பொருள்தான் ஏற்றும். 1000 வாட்ஸ் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 150 வாட்ஸ் டேபிள் டாப் கிரைண்டர் அரை மணி ஓடினால் 0.075 யூனிட். 750 வாட்ஸ் மிக்ஸி மொத்தமாகக் கால் மணி ஓடினாலும் 0.19-க்குள்தான். 1400 வாட்ஸ் ஏர் ஃப்ரையர் 20 நிமிடத்தில் அரை யூனிட்டைத் தொட்டுவிடும். 2000 வாட்ஸ் இண்டக்‌ஷன் அடுப்பு முழு வேகத்தில் அரை மணி நேரத்தில் ஒரு யூனிட்.

தமிழ்நாட்டில் வீட்டு பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, படிப்படியாக விலை ஏறுகிற மாதிரி. அதனால் கடைசி யூனிட்தான் விலை கூடிய யூனிட். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் இருக்கிற சலுகை விலையும் கொஞ்சம் போய்விடும். போன பில்லை எடுத்து நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று பார்த்துவிட்டுச் சூடாகிற சாமான் வாங்குங்கள்.

"கேஸ் விலை ஏறிடுச்சு. முழுசா இண்டக்‌ஷனுக்கு மாறிடலாமா?"

முழுசாக மாறாதீர்கள். இரண்டாவது அடுப்பாக வைத்துக்கொள்ளுங்கள். 14.2 கிலோ சிலிண்டர் செய்கிற வேலையை இண்டக்‌ஷனில் செய்ய, என் கணக்கில் 110-லிருந்து 140 யூனிட் வரை ஆகும். மாதம் ஒரு சிலிண்டர், அதாவது ஒரு பில்லுக்கு இரண்டு சிலிண்டர் காலி செய்யும் வீடு, ஏற்கெனவே 300 யூனிட் பில் கட்டுகிறது என்றால், மேலே சொன்ன 500-ஐ ஒரே தாவில் தாண்டிவிடும். பில்லில் 150 யூனிட்டோடு நிற்கிற சின்னக் குடும்பத்துக்கு லாபம் இருக்கலாம். கேஸ் செலவையும் கரண்ட் செலவையும் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பாத்திரம். காந்தம் ஒட்டுகிற அடிப்பாகம் இருந்தால்தான் இண்டக்‌ஷன் வேலை செய்யும். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து உங்கள் பாத்திரங்களின் அடியில் வைத்துப் பாருங்கள். அலுமினிய இட்லிப் பானை, பித்தளை, மண்சட்டி, பழைய அலுமினிய குக்கர் எல்லாம் வெளியே. எவர்சில்வரிலேயே சிலதுதான் ஒட்டும். ஈயச் சொம்பு ரசத்துக்கு எந்தக் காலத்திலும் கேஸ்தான். இரும்பு தோசைக்கல் வேலை செய்யும், ஆனால் கல் பெரிதாகவும் அடுப்புக்குள் இருக்கும் காயில் சின்னதாகவும் இருப்பதால் நடுவில் கருகி ஓரம் வேகாது. பாத்திரத்துக்கும் சேர்த்து விலை போட்டபின் அடுப்பு மலிவா என்று பாருங்கள்.

பால் காய்ச்ச, வெந்நீர் வைக்க, குக்கர் வைக்க நல்லது. எந்தப் பாத்திரமும் ஏறும் என்று விற்கிற இன்ஃப்ராரெட் அடுப்பில் கண்ணாடியே பழுத்துச் சிவக்கும். அணைத்த பிறகும் வெகுநேரம் சூடு இருக்கும், குழந்தைகள் உள்ள வீட்டில் யோசியுங்கள்.

"சமையலறையில இருக்கிற சாதா பிளக்லயே போடலாமா?"

சின்ன பிளக் 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது தாங்குவது 1380 வாட்ஸ்தான். 1500 வாட்ஸ் கெட்டிலும் 2000 வாட்ஸ் இண்டக்‌ஷனும் பெரிய 16 ஆம்பியர் பிளக்கில்தான் போகவேண்டும். தடித்த முள்ளைச் சின்ன பிளக்கில் நுழைக்க ஒரு மாற்றி விற்கிறார்கள், பிளக் கருகி வருவதில் பாதி அதனால்தான். வாடகை வீட்டில் பெரிய பிளக் ஒன்றே ஒன்று இருக்கும், அதிலும் ஃப்ரிட்ஜோ வாஷிங் மெஷினோ மாட்டியிருக்கும். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு இதைக் கவனிப்பவர்களே அதிகம்.

இன்வெர்ட்டரில் ஓடுமா என்று சேர்த்தே கேட்பீர்கள். விளக்குக்கும் ஃபேனுக்கும் போட்ட வீட்டு இன்வெர்ட்டரில் சூடாகிற எதையும் போடாதீர்கள்.

"விசில் குக்கர் இருக்கு. எலக்ட்ரிக் ரைஸ் குக்கர் வேணுமா?"

சாதம் வடிக்கிற வீட்டுக்கும், விசில் எண்ணிப் பழகிய கைக்கும் வேண்டாம். வேண்டியது யாருக்கென்றால், அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோகிறவர்களுக்கு. ஹாஸ்டல் பையன்கள், கைக்குழந்தைக்காரிகள், வயதானவர்கள்.

அது நேரம் பார்த்து அணைவதில்லை. அடியில் ஒரு காந்தம் இருக்கிறது. தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறாது. தண்ணீரை அரிசி குடித்து முடித்ததும் சூடு மேலே ஏறும், காந்தம் பிடியை விடும், 'டக்' என்று நெம்புகோல் விழும். அதனால் தண்ணீர் அளவு சரியாக இருந்தால் போதும், பக்கத்தில் நிற்கவேண்டாம். பொன்னி பச்சரிசியா புழுங்கலா என்று பார்த்து இரண்டு மூன்று தடவையில் உங்கள் அளவு பிடிபட்டுவிடும்.

"மைக்ரோவேவ், ஓடிஜி, ஏர் ஃப்ரையர்: மூணுல ஒண்ணு வாங்கணும். எது?"

கேக், பன், பிஸ்கட் சுடுகிறவர்களுக்கு ஓடிஜி, அதாவது ரொட்டி வாட்டவும் கிரில் பண்ணவும் ஆகிற கரண்ட் ஓவன். மீந்ததைச் சூடு பண்ணிச் சாப்பிடுகிற வீட்டுக்கு மைக்ரோவேவ். எண்ணெயில் பொரித்ததை விடவும் முடியாமல், சாப்பிட்டுவிட்டு வருத்தப்படாமல் இருக்கவும் முடியாதவர்களுக்கு ஏர் ஃப்ரையர். மூன்றையும் ஒரே பெட்டியில் அடைத்து விற்பதும் உண்டு. அதில் பெரும்பாலானவர்கள் சூடு பண்ணுகிற பொத்தான் ஒன்றைத்தான் அழுத்துகிறார்கள்.

மைக்ரோவேவ் உணவில் இருக்கும் தண்ணீரைச் சூடாக்குகிறது. மொறுமொறுப்பு வராது, பழைய வடை ரப்பராகிவிடும். நம் வீட்டில் மிச்சம் வைப்பது எல்லாமே எவர்சில்வர் டப்பாவில். அதை உள்ளே வைக்கக்கூடாது. கண்ணாடி, பீங்கான் பாத்திரத்துக்கு மாற்றிச் சூடு பண்ணி அதையும் கழுவவேண்டும் என்றால் பலர் நாலு நாளில் கேஸுக்கே திரும்பிவிடுகிறார்கள். அப்பளம் மட்டும் ஒரு நிமிடத்துக்குள் எண்ணெயில்லாமல் அழகாகப் பொரியும், அதைச் சொல்லியாக வேண்டும்.

"ஏர் ஃப்ரையர்ல பஜ்ஜி, வடை வருமா? யூடியூப்ல வருதே?"

பஜ்ஜி வராது. ஏர் ஃப்ரையர் உண்மையில் பொரிப்பதே கிடையாது. சூடான காற்றைச் சுழற்றி அடிக்கும் ஒரு சின்ன ஓவன். தளர்ந்த மாவு உறைவதற்குள் கூடை ஓட்டை வழியாகச் சொட்டிவிடும். உளுந்து வடையும் அதே கதி. பருப்பு வடை கெட்டியாகப் பிடித்து எண்ணெய் தடவினால் வரும், கொஞ்சம் வறட்சியாக.

அது பிரமாதமாகச் செய்வது வேறு. சேப்பங்கிழங்கு ரோஸ்ட், உருளைக்கிழங்கு, மசாலா தடவிய வஞ்சிரத் துண்டு, கோழி, வேர்க்கடலை வறுப்பது. இவற்றை வாரம் மூன்று நாள் செய்கிறீர்களா? வாங்குங்கள். 4 லிட்டர் கூடை இரண்டு மூன்று பேருக்கு. ஐந்து பேருக்கு இரண்டு ஈடு போடவேண்டும், இரண்டாவது ஈடு வருவதற்குள் முதல் ஈடு ஆறிவிடும்.

"சப்பாத்தி மேக்கர்?"

வேண்டாம். மாவு வழக்கத்தைவிடத் தளர்வாக இருந்து, நன்றாக ஊறி, அழுத்துகிற நேரமும் சரியாக விழுந்தால் வரும். இல்லையென்றால் அப்பளம். எங்கள் கடைக்கு வந்த இரண்டு மூன்றில் ஒன்றை ரிப்பேர் முடிந்தும் திரும்ப வாங்க யாரும் வரவில்லை.

"ஜூஸர், முட்டை வேகவைக்கிறது, சாண்ட்விச் மேக்கர், சாப்பர்... இதுல எது தேறும்?"

கயிறு இழுக்கிற கைச் சாப்பர் தேறும். விலை குறைவு, கரண்ட் வேண்டாம், வெங்காயம் நறுக்க அழுகிறவர்களுக்கு வரம். கெட்டிலும் தேறும். ஒரு லிட்டர் தண்ணீர் நாலு நிமிடத்தில் கொதிக்கும், டிக்காக்‌ஷன் போட வசதி. அதில் பால் மட்டும் காய்ச்சாதீர்கள், அடியில் பிடித்துக்கொண்டு கழுவவே வராது.

முட்டை வேகவைக்க இட்லிப் பானை இருக்கிறது. சாண்ட்விச்சுக்குத் தோசைக்கல். ஜூஸருக்கு முதல் பதிலில் சொன்ன இரண்டாவது கேள்வியைக் கேளுங்கள்: ஒரு டம்ளர் சாற்றுக்கு ஐந்தாறு பாகம், சல்லடைக்கு ஒரு பிரஷ். கிரைண்டரோடு தருகிற தேங்காய்த் துருவியும் மாவு பிசைகிற கம்பியும் நன்றாகத்தான் இருக்கும், எத்தனை பேர் மாட்டுகிறார்கள் என்பதுதான் விஷயம். இலவசமாக வந்தால் சரி, அதற்கென்று கூடுதல் காசு கொடுக்கவேண்டாம்.

"எந்தக் கம்பெனி நல்லது? அஞ்சு வருஷம் வாரண்டின்னு சொல்றாங்களே?"

உங்கள் ஊரில் எந்தக் கம்பெனி ஜாரும் கப்ளரும் கிடைக்கிறதோ அந்தக் கம்பெனி. வாங்கும் முன் அருகில் இருக்கும் சர்வீஸ் கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஐந்து வருடம் என்று பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் மோட்டாருக்கு மட்டும். ஜார், பிளேடு, கப்ளர், கேஸ்கெட் அதில் சேராது. பில்லும் முத்திரை வைத்த அட்டையும் இருந்தால்தான் அதுவும். பில்லைப் போட்டோ எடுத்து வையுங்கள், ஒரு வருடத்தில் அதன் எழுத்து மறைந்துவிடும். வாரண்டிக்குள் இருந்தும் கம்பெனி இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

"ஆடித் தள்ளுபடியில எக்ஸ்சேஞ்ச் போடறாங்க. பழசைக் கொடுத்துடலாமா?"

எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் அதே மாடல் என்ன விலை என்று முதலில் கேளுங்கள், அப்புறம் பழசை வெளியே எடுங்கள். சில நேரம் இரண்டுக்கும் வித்தியாசமே இருக்காது. பழைய கிரைண்டர் கல் நன்றாக இருந்தால் எனக்குக் கொடுக்க மனசு வராது.

"பையன் அமெரிக்காவுல இருந்து ஒரு மிக்ஸர் கொண்டுவந்தான். மாட்டலாமா?"

மாட்டிவிட்டுத்தான் எங்களிடம் வருகிறார்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. போட்ட நொடியில் புகை. பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டில் 220-240 என்று இருந்தால் மட்டும் மாட்டலாம். சிங்கப்பூரிலிருந்து வருவது 230 வோல்ட்தான், பிளக் மட்டும் மாற்றவேண்டும். வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வைக்கலாம்தான், அந்த விலைக்கு இங்கேயே ஒரு மிக்ஸி வந்துவிடும்.

"அம்மா ஊர்ல தனியா இருக்காங்க. அவங்களுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்?"

வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் அடிக்கடி போனில் கேட்பது இது. திரையும் பத்து பொத்தானும் இருப்பதை வாங்காதீர்கள். தானாக அணைகிற கெட்டில், ஒரே நெம்புகோல் உள்ள சின்ன ரைஸ் குக்கர், இரண்டும் போதும். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி ஓடவேண்டியதில்லை. கிரைண்டர் வேண்டாம், டேபிள் டாப் கல்லே அவர்களுக்குக் கனம். தெருமுனையில் மாவு விற்கிற பெண்ணிடம் வாரம் ஒரு கிலோ சொல்லிவையுங்கள்.

போன மாதம் எழுபது வயது அம்மா ஒருவர் மகள் அனுப்பிய ஏர் ஃப்ரையரைப் பெட்டியோடு கொண்டுவந்து வைத்தார். ரிப்பேரா என்று கேட்டேன். "ரிப்பேரெல்லாம் இல்லடி, இத வெச்சுக்கிட்டு எனக்கு ஒரு சின்ன மிக்ஸி ஜார் குடு" என்றார். ஜாரைக் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் திருப்பி அனுப்பினேன், மகள் கேட்டால் காட்டுவதற்காவது இருக்கட்டும் என்று.